ஒரு குச்சியின் நிழலில் நான்கு பாடங்கள்

கணிதம், அறிவியல், புவியியல், தமிழ் ஆகிய நான்கையும் ஒரே செயல்பாட்டில் இணைக்க விரும்பும் ஆசிரியருக்கு, ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள நேரான குச்சியும் வெயில் படும் சமதளமான திடலுமே போதும். நாள் மார்ச் 21 ஆக இருந்தால் மிகவும் நல்லது. அன்று நண்பகலில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும்.

குச்சியைத் தரைக்கு மேலே ஒரு மீட்டர் தெரியுமாறு நட்டு, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டால் அது செங்குத்தாக நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இங்கே நேரும் சிறு சாய்வு எல்லா அளவுகளையும் கெடுத்துவிடும். காலை 11.30 முதல் பிற்பகல் 1 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் மாணவர்கள் கூழாங்கல் வைத்து, நீளத்தையும் நேரத்தையும் குறிக்கட்டும். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

மிகக் குட்டையான நிழல் வடக்கு தெற்குத் திசையைக் காட்டும். சென்னையில் அது ஏறத்தாழ 23 செ.மீ. இருக்கும். குச்சியையும் நிழலையும் அளவுத்திட்டப்படி தாளில் செங்கோண முக்கோணமாக வரைந்து, உச்சிக் கோணத்தைக் கோணமானியால் அளந்தால் சுமார் 13 பாகை வரும். அதுவே சென்னையின் அட்சரேகை. அந்த எண்ணை நிலப்படத்தில் மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் சொல்லிவிடாமல் காத்திருப்பது அவசியம் என்பேன்.

அந்த நிழல் கடிகாரத்தின் 12 மணிக்கு அல்லாமல் கால் மணி நேரம் கழித்து விழுவது ஏன் என்பதை, தமிழ் வகுப்பில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லலாம்.