கடை அடைத்த பிறகு வீடு சேரும் வரை

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடை அடைக்க இரவு பத்து ஆகிவிடும், தீபாவளி சமயத்தில் இன்னும் நேரமாகும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சேலை மடிக்கச் சொல்லிக்கொடுத்த கையோடு, பத்திரமாக வீடு திரும்புவது எப்படி என்றும் சொல்லிவிடுவேன். தப்பு செய்பவன் மேல்தான் தப்பு, இருட்டில் வேலை முடித்து வரும் பெண் மேல் இல்லை. ஆனாலும் அவன் எதிர்பார்ப்பது நாம் அசரும் நேரத்தை. அதை அவனுக்குக் கொடுக்கக் கூடாது.

கிளம்பும் முன்பே சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு, முந்தானையைப் போர்த்திப் பின் குத்திக்கொள்ளுங்கள். ஷாலைக் கழுத்தில் சுற்றாதீர்கள், பிடித்து இழுக்க வசதியாகிவிடும். போனில் சார்ஜ் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

தெற்கு மாசி வீதி வழியாகப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நான்கைந்து பேர் சேர்ந்தே நடப்போம், அதனால் அந்தத் தூரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் கிடைக்காமல் ஆட்டோ என்றால், ஏறும் முன் நம்பரைப் பார்த்து, டிரைவர் காதில் விழும்படி போனில் வீட்டுக்குச் சொல்லுங்கள். மதுரை வண்டிகளில் டி.என். 58, 59, 64 என்று இருக்கும், கடைசி நான்கு எண் மனதில் நின்றால் போதும். ஷேர் ஆட்டோவில் மற்ற பெண்கள் எல்லோரும் இறங்கும் இடத்தில் கடைத்தெரு இருந்தால் நீங்களும் இறங்கிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குள் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம் உள்தெருக்கள் பத்தரைக்கே அடங்கிவிடும். அங்கே சாலையின் வலது ஓரமாக நடங்கள். வண்டிகள் எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். இடது ஓரம் நடந்தால் பைக் முதுகுக்குப் பின்னால் வந்து உரசும். கைப்பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். காதில் ஹெட்செட் வேண்டவே வேண்டாம், பைக் வேகம் குறையும் சத்தம் காதில் விழ வேண்டும். ஒரே பைக்கில் இரண்டு பேர் மெதுவாகக் கடந்துபோய்த் திரும்பி வந்தால் யோசிக்காதீர்கள், பக்கத்து வீட்டு கேட்டைத் தட்டி "அக்கா!" என்று கூப்பிடுங்கள். யாரென்று தெரியாத வீடானாலும் பரவாயில்லை. முகவரி கேட்டு நிறுத்தினால் நாலடி தள்ளி நின்றே பதில் சொல்லுங்கள், நீட்டும் சீட்டை வாங்கிப் படிக்கக் குனியாதீர்கள்.

யாராவது பின்தொடர்ந்தால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள், வீடு எதுவென்று காட்டிக்கொடுத்துவிடுவீர்கள். நம் ஊரில் அந்த நேரத்திலும் பரோட்டாக் கடை திறந்திருக்கும். உள்ளே போய், "அண்ணே, ஒருத்தன் பின்னாடியே வர்றான், கொஞ்ச நேரம் இங்க நின்னுக்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் அவசர உதவி எண் 112-க்கு அடியுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், அதையும் போனில் பதிந்து வையுங்கள்.

கையைப் பிடித்துவிட்டால் சத்தம்தான் முதல் ஆயுதம். வெறுமனே "காப்பாத்துங்க" என்றால் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "நீலச் சட்டை அண்ணே, இவனைப் பிடிங்க!" என்று ஒருவரைக் குறித்துக் கூப்பிட்டால் அவர் அசைவார். முழங்கையால் இடித்து, குதிகாலால் அவன் பாதத்தை மிதித்து, வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடுங்கள். நம்மைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவு திருப்பி அடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் அவன் கேட்பது பையோ சங்கிலியோ என்றால் விட்டுவிடுங்கள். சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பைக் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கத்தியைக் காட்டினால் பையைத் தூர எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

நடந்ததை மறைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் பறிப்பு என்பதே 304-வது பிரிவில் தனிக் குற்றம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. வண்டி நிறம், சட்டை, போன திசை எல்லாவற்றையும் மறக்கும் முன் எழுதிக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.