தீபாவளிப் பலகார ஆர்டருக்கு ஷார்ட் லிங்க்: நோட்டீஸிலிருந்து ஸ்வீட் மாஸ்டர் வரை

‘அதிரசம் 1 கிலோ வேண்டும்’ என்ற வரி, லிங்க்கைத் தட்டியதும் வாட்ஸ்அப்பில் தானாக வந்து நிற்க வேண்டுமா? அந்த வரி மட்டுமே லிங்க்கில் 181 எழுத்து பிடிக்கும். ‘அதிரசம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினியோ ‘தி’யின் கொக்கியையும் ‘ம்’மின் புள்ளியையும் தனியாக எண்ணி ஏழாக்குகிறது. லிங்க்குக்குள் போகும்போது அந்த ஏழில் ஒவ்வொன்றும் % குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிகிறது. கூகுள் ஃபார்ம் லிங்க்கில் தமிழ் விடையை நிரப்பினாலும் இதே நீளம்தான். அதனால் தமிழில் கடை நடத்துபவருக்கு, நீள முகவரிக்குப் பதிலாக நிற்கும் சின்ன முகவரியான ஷார்ட் லிங்க் இல்லாமல் கதை நடக்காது.

ஒரு சின்ன பலகாரக் கடையை வைத்துப் பார்ப்போம். நோட்டீஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என இரண்டு வழியில் ஆர்டர் வரும். எந்த வழியில் எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டும், ஆர்டர் தானாக மாஸ்டருக்குப் போக வேண்டும்.

படி 1: முதலில் ஃபார்ம்

லிங்க்கைச் சுருக்குவதற்கு முன் அது போய்ச் சேரும் இடம் தயாராக இருக்க வேண்டும். கூகுள் ஃபார்மில் பெயர், போன் நம்பர், பலகாரம், எத்தனை கிலோ, வாங்க வரும் தேதி கேளுங்கள். கடைசியில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு கேள்வி, அதற்கு ‘நோட்டீஸ்’, ‘ஸ்டேட்டஸ்’ என்று இரண்டு விடைகள்.

இப்போது மூன்று புள்ளி மெனுவில் ‘ப்ரீ-ஃபில்ட் லிங்க்’ (விடை முன்பே நிரப்பிய லிங்க்) எடுக்கும் வசதியைத் திறந்து, அந்தக் கடைசிக் கேள்வியில் மட்டும் ‘நோட்டீஸ்’ தேர்வு செய்து லிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி ‘ஸ்டேட்டஸ்’ தேர்வு செய்து இன்னொன்று. ஒரே ஃபார்ம், இரண்டு லிங்க். இதற்குப் பிறகு அந்த விடைகளின் எழுத்தைத் திருத்தாதீர்கள். ‘நோட்டீஸ்’ என்பதை ‘பிட் நோட்டீஸ்’ என்று மாற்றினால் லிங்க்கில் இருப்பது பொருந்தாமல் விடை காலியாக வரும். கேள்வியை அழித்துப் புதிதாகப் போட்டாலும் இதே கதிதான்.

படி 2: சுருக்குதல்

இரண்டையும் ஒரு ஷார்ட் லிங்க் சேவையில் தனித்தனியாகச் சுருக்குங்கள். லிங்க்கின் கடைசியில் நாமே வைக்கும் வால் பகுதிக்கு ‘ஆர்டர்’ போன்ற பொதுச் சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வையுங்கள். பல சேவைகளில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு லிங்க். ‘தீபாவளி’ என்று வைத்துவிட்டால் பொங்கலுக்கு அதைப் பயன்படுத்த முடியாது.

முடிந்தால் சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் பதிவு செய்த இணைய முகவரியில் செய்யுங்கள். கூகுளின் சுருக்கச் சேவையே 2019 மார்ச்சில் புது லிங்க் தருவதை நிறுத்திக்கொண்டது. டொமைன் உங்களுடையதாக இருந்தால் சேவையை மாற்றினாலும் அச்சடித்த முகவரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. லிங்க்கை போனில் திறந்து மூடுங்கள். சேவைக்குள் போய் அது சேரும் இடத்தை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே போனில் மறுபடி திறந்தால் புதுப் பக்கம் வர வேண்டும். பழையதே வந்தால், அந்தச் சேவை ‘301’ என்ற நிரந்தர மாற்றமாக அனுப்புகிறது, பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டுவிட்டது என்று பெரும்பாலும் பொருள். ‘302’ என்ற தற்காலிக மாற்றத்துக்கு வழி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இல்லையென்றால் வேறு சேவை தேடுங்கள். சேரும் இடத்தை மாற்ற முடியாத ஷார்ட் லிங்க்கை நோட்டீஸில் அடிப்பது வீண் செலவு.

படி 3: க்யூஆர்

ஷார்ட் லிங்க்கிலிருந்துதான் க்யூஆர் எடுக்க வேண்டும். நீள லிங்க்கில் எடுத்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகி, மட்டமான தாளில் மை பரவியதும் ஸ்கேன் ஆகாது. 2.5 செ.மீ. அகலம், சுற்றிலும் நான்கு கட்ட அளவுக்கு வெள்ளை இடம், வெளிர் பின்னணியில் கருப்பு. டிசைனர் அழகுக்காக அந்த வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுவார், கவனம்.

நம் ஊரில் க்யூஆர் என்றாலே பணம் கட்டும் ஆப்பைத் திறக்கிறார்கள். அதில் ஸ்கேன் செய்துவிட்டு ‘வேலை செய்யல’ என்று போய்விடுவார்கள். ‘ஆர்டர் செய்ய, போன் கேமராவில் காட்டவும்’ என்று கீழே எழுதியே ஆக வேண்டும்.

எஸ்எம்எஸ் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து என்றால் தமிழில் 70தான், ‘தீபாவளி’க்கே ஏழு போய்விடும். தவிர, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ் தடுக்கப்படுகிறது.

படி 4: மாஸ்டருக்கு மெயில்

ஃபார்மின் பதில்களை கூகுள் ஷீட்டோடு இணையுங்கள். பிறகு ‘மேக்’ போன்ற, வேலைகளைத் தானாகச் செய்யும் ஆட்டோமேஷன் சேவையில் இரண்டு கட்டம் போதும்: ஷீட்டில் புது வரி வந்ததா என்று பார்ப்பது, வந்தால் பலகாரம், கிலோ, தேதி மூன்றையும் மாஸ்டருக்கு மெயிலாக அனுப்புவது. மாஸ்டர் மெயிலுக்குப் பின்னால் ‘கிலோ 5க்கு மேல்’ என்று ஒரு ஃபில்டரும் இன்னொரு மெயில் கட்டமும் வைத்து, பெரிய ஆர்டரை முதலாளிக்கும் அனுப்பலாம்.

புதியவர்கள் சறுக்குவது நேர இடைவெளியில்தான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் ஒரு நாளைக்கு 96 தடவை. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொன்றும் கணக்கில் கழியும். இலவசத் திட்டத்தின் மாத வரம்பு 1,000 என்றால் பத்தே நாளில் தீர்ந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் மெயில் நின்றுவிடும். மணிக்கு ஒருமுறை என்று வையுங்கள். மாதத்துக்கு 720 போக மிச்சம் 280 மெயிலுக்கு. அதற்கு மேல் ஆர்டர் வரும் கடை, அந்த ஒரு மாதம் காசு கட்டுவதே நல்லது.

படி 5: கணக்கும் கடைசி நாளும்

சேவை காட்டும் கிளிக் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். லிங்க்கின் முன்னோட்டப் படத்தை எடுக்க வரும் தானியங்கி நிரல்களும் அதில் சேர்ந்துவிடலாம். ஷீட்டில் ‘கவுண்ட்இஃப்’ என்ற எண்ணும் ஃபார்முலாவைப் போட்டு ‘நோட்டீஸ்’, ‘ஸ்டேட்டஸ்’ எத்தனை என்று எண்ணுங்கள். கிளிக் நிறைய, ஆர்டர் குறைவு என்றால் ஃபார்மில் கேள்வி அதிகம், அல்லது விலை எழுதவில்லை.

ஆர்டர் முடியும் அன்று இரவு இரண்டு ஷார்ட் லிங்க்கையும் ‘ஆர்டர் முடிந்தது, கடைக்கு நேரில் வரலாம்’ என்ற பக்கத்துக்குத் திருப்புங்கள். அழித்துவிடாதீர்கள், நோட்டீஸ் பல வீடுகளில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். கூடவே ஃபார்மிலும் பதில் ஏற்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே ஃபார்மைத் திறந்து வைத்திருப்பவருக்கு ஷார்ட் லிங்க்கை மாற்றியது தெரியாது. அவர் நள்ளிரவில் பத்து கிலோ முறுக்கு கேட்டு அனுப்பிவிடுவார்.