பவர்டு மிக்சர் வாங்கப் போறீங்களா? எத்தன வாட்ஸ்னு அப்புறம் கேளுங்க

கோயில் திருவிழா, காதுகுத்து, சின்ன மண்டபத்துல ரிசப்ஷன்னு 100, 150 பேர் முன்னாடி பாடுற குழுவுக்கு பவர்டு மிக்சர் ரொம்ப வசதிங்க, மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பொட்டியில இருக்கும், ஆட்டோலயே கொண்டு போயிடலாம். ஆனா உங்க ஸ்பீக்கர் உள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருந்து தனியா கரண்ட்ல சொருகுற ஆக்டிவ் ஸ்பீக்கர்னா இது வேண்டவே வேண்டாம், சாதா மிக்சர் போதும்.

கடையில எல்லாரும் மொதல்ல கேக்குறது எத்தன வாட்ஸ்னுதான். அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மேடையில என்னென்ன வரும்னு எழுதுங்க: பாட்டு மைக் ரெண்டு, கோரஸ் ஒண்ணு, தபலாவுக்கு ரெண்டு, கீபோர்டு, ரிதம் பேட். பொட்டி மேல 12 சேனல்னு போட்டிருப்பான், எண்ணிப் பாத்தா மைக் சொருகுற எக்ஸ்எல்ஆர் நாலே நாலுதான் இருக்கும், மிச்சமெல்லாம் இடது, வலதுன்னு வர்ற ஸ்டீரியோ ஜோடிய ரெண்டு ரெண்டா எண்ணுன கணக்கு. நான் மொத தடவ அப்படி ஒண்ண வாங்கிட்டு வந்து ஒரு கச்சேரி முழுக்க தபலாவுக்கு நடுவுல ஒரே மைக்க வச்சு ஓட்டுனோம், இடது பக்கத்து தபலாவுல உள்ளங்கைய அழுத்தி வாசிக்குற கும்கி சத்தம் எதுவும் கடைசி வரிசைக்குப் போகவே இல்ல, வாசிச்சவர் முகத்த இன்னும் மறக்க முடியல. கண்டென்சர் மைக் (ஓடுறதுக்கு கரண்ட் வேணும்குற மைக்) இருந்தா, மிக்சர்ல மைக் கேபிள் வழியாவே அதுக்கு கரண்ட் குடுக்குற 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இருக்கான்னு பாருங்க. வயலின்ல மாட்டி அதோட அதிர்வ எடுக்குற பிக்கப்ப நேரா மிக்சர்ல சொருகுனா சத்தம் மெலிஞ்சு கீச்சுன்னு வரும், அதுக்கு பிக்கப் மாதிரி கருவிங்களுக்கான ஹை இசட் இன்புட்டோ, நடுவுல சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற டிஐ பாக்ஸோ வேணும்.

அடுத்தது மானிட்டர், அதாவது பாடுறவங்க பக்கம் திருப்பி வைக்குற ஸ்பீக்கர், இதுல மட்டும் சமரசமே பண்ணாதீங்க. தன் குரல் தனக்குக் கேக்கலன்னா எவ்வளவு நல்ல பாடகரும் கத்த ஆரம்பிச்சிடுவாங்க, சுருதி விலகிடும். சில மிக்சர்ல உள்ள ரெண்டு ஆம்ப் இருக்கும், ஒரு சுவிட்ச் தட்டுனா ஒண்ணு கூட்டத்துக்குப் போற மெயின் ஸ்பீக்கருக்கும் இன்னொண்ணு மானிட்டருக்கும் போகும், மெயின் இடது வலது வித்தியாசம் இல்லாம மோனோ ஆயிடும்தான், சின்ன மண்டபத்துல அதனால ஒரு நஷ்டமும் இல்ல. மானிட்டருக்குத் தனியா சத்தம் அனுப்புற ஆக்ஸ், ப்ரீ ஃபேடரா, அதாவது சேனல் ஃபேடருக்கு (சத்தம் கூட்டிக் குறைக்குற நீள பட்டன்) முன்னாடியே எடுக்குறதா இருக்கணும், அப்பதான் நீங்க சேனல் ஃபேடர ஏத்தி இறக்குறது பாடுறவங்க காதுல மாறாது.

இப்ப வாட்ஸுக்கு வரலாம். ஒரு நொடி மட்டும் எட்டுற பீக் வாட்ஸ விடுங்க, 4 ஓம்ஸ்ல, 8 ஓம்ஸ்ல (ஸ்பீக்கர் கரண்டுக்குக் குடுக்குற தடையோட அளவு) தொடர்ந்து எவ்வளவு தரும்னு கேளுங்க. ஒரே அவுட்புட்ல ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கர பேரலலா மாட்டுனா 4 ஓம் ஆயிடும், நாலு மாட்டுனா 2 ஓம், நிறைய மிக்சர் அத தாங்காது. வாட்ஸ டபுளாக்குனாலும் கெடைக்கிறது 3 டெசிபல்தான், அதுக்கு சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும்ங்குற அளவு) 95க்குப் பதிலா 98 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் வாங்குனா அதே சத்தம் வந்துரும்.

ஸ்பீக்கருக்கு கிட்டார் கேபிள மாட்டாதீங்க, சூடாகும், ஆம்பும் போகலாம், ஸ்பீக்கருக்குன்னே பூட்டுற மாதிரி பிளக் உள்ள ஸ்பீக்கான் கேபிளே வாங்குங்க. கொர்ருனு இரைச்சல் வருதுன்னு பிளக்ல எர்த் பின்ன உடைக்குறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, ஷாக் அடிக்கும், மைக்க புடிச்சுட்டு நிக்கிறது மனுஷன்.

வாங்குறப்ப உங்க மைக்கையும் உங்க பாடகரையும் கூட்டிட்டுப் போங்க. எல்லா சேனலையும் இறக்கிட்டு மெயின மட்டும் ஏத்தி உஸ்ஸுங்குற சத்தம் எவ்வளவுன்னு கேளுங்க, அப்புறம் அரை மணி நேரம் பாட விட்டுட்டு ஃபேன் சத்தத்தயும் பொட்டி சூட்டையும் கை வச்சுப் பாருங்க, அதுக்கு கடைக்காரர் ஒத்துக்கலன்னா வேற கடைக்குப் போங்க.