கற்பித்தலும் சேர்ந்த போஸ்ட்டாக்: கையெழுத்துக்கு முன் கேட்காமல் விடுபவை

எனக்கு வந்த போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகு சில வருடம் செய்யும் ஆராய்ச்சிப் பணி) நியமனக் கடிதத்தில் கற்பித்தலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. துறையின் தேவைக்கேற்ப வகுப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். துறையின் தேவை என்பது 160 பேர் உட்காரும் முதலாண்டுப் பாடம் என்று ஆகஸ்டில் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த செமஸ்டர் முழுக்க ஒரு ஆய்வுப் பேப்பரின் முன்னுரையைக்கூட எழுதி முடிக்க முடியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஆராய்ச்சியும் கற்பித்தலும் சேர்ந்த போஸ்ட்டாக் பதவி அமெரிக்கக் கணிதத் துறைகளில் பழைய வழக்கம். எம்.ஐ.டி.யில் சி.எல்.இ. மூர் இன்ஸ்ட்ரக்டர் என்று ஒரு பதவி உண்டு. 1951இல் கணிதவியலாளர் ஜான் நாஷ் அங்கே போய்ச் சேர்ந்தது அதில்தான். உயிர் அறிவியல் பக்கம், அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். நிதியில் நடந்த ஐராக்டா என்ற போஸ்ட்டாக் திட்டம் பெயர் பெற்றது. முக்கால் பங்கு ஆராய்ச்சி, கால் பங்கு கற்பித்தல் என்பது அதன் கணக்கு. எமரி பல்கலைக்கழகத்தில் லேப் வேலை, அதே அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் போன்ற கல்லூரிகளில் வகுப்பு என்கிற மாதிரி ஏற்பாடு.

நம் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஐராக்டா போன்ற அரசு நிதித் திட்டங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் என்று வகுக்கப்பட்டவை. அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப். தரும் கணித போஸ்ட்டாக்கும் அப்படியே. அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் ஒரு மாதம் உட்கார்ந்து ஆய்வுத் திட்டம் எழுதியவர்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகங்கள் தாங்களே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பதவிகளில் பெரும்பாலும் இந்தத் தடை இருக்காது. அப்புறம், அரசு நிதித் திட்டம் வருடத்துக்கு வருடம் மாறும், நிற்கவும் செய்யும். இணையத்தில் கிடக்கும் பழைய அறிவிப்பை நம்பாமல், இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று மின்னஞ்சலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. கால் பங்கு கற்பித்தல் என்றால் வாரத்தில் பத்து மணி நேரம் என்று மனம் கணக்குப் போடும். வாரம் மூன்று வகுப்புதானே என்றும் தோன்றும். புதுப் பாடம் என்றால் ஒரு மணி நேர வகுப்புக்குத் தயாராக எனக்கு நான்கைந்து மணி நேரம் பிடித்தது. அதன் மேல் வினாத்தாள், விடைத்தாள் திருத்துவது, சந்தேகம் கேட்டு வருபவர்கள், தேர்வைத் தவறவிட்டவருக்கு மறுதேர்வு. இதைவிட ஆபத்தானது வேறொன்று: வகுப்புக்கு மணி அடிக்கும், ஆராய்ச்சிக்கு அடிக்காது. திங்கள் காலை 9 மணிக்கு 160 பேர் காத்திருப்பார்கள். உங்கள் பேப்பருக்காக யாரும் காத்திருக்கவில்லை. எதைத் தள்ளிப்போடுவோம் என்று சொல்ல வேண்டியதில்லை. லேப் வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். வளர்ப்பில் இருக்கும் செல்கள் இடைத்தேர்வு முடியட்டும் என்று பொறுத்திருக்காது.

ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள், விவரத்தைக் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை பாடம்? எந்தப் பாடம், எத்தனை மாணவர்? விடைத்தாள் திருத்த ஆள் உண்டா? பாடத்துக்கு முழுப் பொறுப்பு எனக்கா, இல்லை இன்னொருவர் நடத்தும் பாடத்தில் டுடோரியல் (சிறு குழுவுக்கான பயிற்சி வகுப்பு) மட்டுமா? முழுப் பொறுப்பு சுமைதான். ஆனால் பிறகு கல்லூரி வேலைக்குப் போகும்போது பேசுவது அதுதான். வருடத்துக்கு இரண்டு பாடம் என்றால், இரண்டையும் ஒரே செமஸ்டரில் வாங்கிக்கொண்டு மற்ற செமஸ்டரைக் காலியாக வைத்துக்கொள்ள முடியுமா என்றும், ஒரே பாடத்தை அடுத்த வருடமும் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை எடுக்கும்போது தயாரிப்பு நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். இப்படிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நமக்கு ஒரு கூச்சம். எதிரில் இருப்பவர் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

விண்ணப்பத்தோடு வைக்கும் கற்பித்தல் அறிக்கையைப் பலரும் கடைசி நாள் இரவில் எழுதுகிறார்கள். மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டுவேன், புதிய உத்திகளைக் கையாள்வேன் என்று ஒரு பக்கம் போகும். அதை எந்தப் பெயரில் அனுப்பினாலும் பொருந்தும். மாணவர் எங்கே இடறுகிறார், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சாய்தளத்தில் வைத்த கட்டைக்கும் செங்குத்து எதிர்விசையை எம்.ஜி., அதாவது கட்டையின் முழு எடை, என்றே எழுதும் பழக்கம் எல்லா வகுப்பிலும் உண்டு. அதை உடைக்க நீங்கள் செய்த ஒரு சின்ன வேலையைச் சொன்னால் போதும்.

கற்பிக்கும் முறையையே ஆராய்ச்சியாக்கியவர்களும் இருக்கிறார்கள். நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து, அறிவியல் துறைகளுக்குள்ளேயே போஸ்ட்டாக் நிலையில் கற்பித்தல் ஆய்வாளர்களை உட்கார வைத்தார். 2011இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள பேராசிரியர் ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் விரிவுரை நடத்தினார். இன்னொரு பிரிவை, அனுபவம் குறைந்த ஒரு போஸ்ட்டாக் ஒரே ஒரு வாரம் மட்டும் கேள்வியும் கலந்துரையாடலுமாக நடத்தினார். ஒரே தேர்வில் விரிவுரைப் பிரிவின் சராசரி 41 சதவீதம், மற்றது 74. அனுபவம் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

பரிந்துரைக் கடிதத்திலும் ஒரு ஓட்டை இருக்கும். கணிதத் துறைகள் கற்பித்தலைப் பற்றியே தனியாக ஒரு கடிதம் கேட்கும். நம் கைடு நாம் வகுப்பெடுத்துப் பார்த்திருக்கவே மாட்டார். பிஎச்.டி. முடியும் முன்பே ஒரு பேராசிரியரை உங்கள் டுடோரியலில் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

கற்பித்தலைத் தண்டனையாக நினைப்பவர்களைவிட, அதில் மூழ்கிவிடுகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. மாணவர் அன்றே நன்றி சொல்வார்; ஆய்விதழோ ஆறு மாதம் கழித்து முடியாது என்று எழுதும். மனம் எந்தப் பக்கம் சாயும்? இளங்கலைக் கல்லூரியில் ஆசிரியராகப் போவதே திட்டம் என்றால் சாயட்டும். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் அங்கே முதலில் பேப்பரைத்தான் எண்ணுவார்கள்.

விசா விஷயம் சுருக்கமாக. பக்கத்துக் கல்லூரியில் வகுப்பெடுத்துத் தனிச் சம்பளம் வாங்குவதாக இருந்தால், ஜே-1 (பரிமாற்ற வருகையாளர் விசா) வைத்திருப்பவர், அந்த விசாவுக்குப் பொறுப்பான ஸ்பான்சர் நிறுவனத்திடம் எழுத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். ஹெச்-1பி (வேலை விசா) என்றால் அந்தக் கல்லூரியே தனியாக மனுப் போட வேண்டும்.

இந்தியா திரும்புகிறவர்கள் மறப்பது சான்றிதழ். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலில் கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஒரு வருடத்துக்குக் குறைந்தால் அந்த அளவுக்குக் குறைப்பார்கள். ஆகவே சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர், எடுத்த பாடங்கள் எல்லாம் துறையின் தாளில், கையொப்பத்தோடு இருக்கட்டும். கடைசி வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து மின்னஞ்சல் போட்டால், உங்களை யாரென்றே தெரியாத ஒருவர்தான் அதைத் திறப்பார்.