ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது? குழந்தையோடு எண்ணிப் பாருங்கள்

முதலில் குழந்தையை 2 நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். பிறகு அதன் வயிற்றில் கை வைத்து 30 விநாடி மூச்சை எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். உள்ளே போய் வெளியே வந்தால்தான் ஒன்று. பிள்ளைகள் இதை இரண்டாக எண்ணிவிடுவார்கள். தன் மூச்சைத் தானே கவனித்தால் அதன் வேகமே மாறிவிடும் என்பதால், பக்கத்தில் இருப்பவர் எண்ணுவதே சரி.

அடுத்து 1 நிமிடம் குதிக்கட்டும். நின்றதும் உடனே எண்ணுங்கள், ஆனால் இம்முறை 15 விநாடி போதும், நான்கால் பெருக்கலாம். தாமதித்தால் மூச்சு தணிந்து வித்தியாசம் தெரியாது. உழைக்கும் தசைக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். அங்கே சேரும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வேண்டும். அதனால்தான் இந்த வேகம்.

ஆஸ்துமா உள்ள குழந்தை குதிக்க வேண்டாம், நேரம் பார்க்கட்டும்.