காசு ஏன் மிதந்து விழுகிறது? சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரை கல்யாண அழைப்பிதழ் வீடியோவும் நகைக்கடை விளம்பரமும் செய்து தருகிற சிறிய ஸ்டுடியோக்களுக்கு ஓணம் நெருங்கும்போது வருகிற வேலை பெரும்பாலும் ஒரே மாதிரியானது: உருளி என்ற வாயகன்ற பாத்திரத்துக்குள் தங்கக் காசுகள் கொட்ட வேண்டும், மேலிருந்து பூவிதழ்கள் உதிர வேண்டும், கடையின் பெயர் மலையாளத்திலும் தமிழிலும் மின்ன வேண்டும். நூற்றுக்கணக்கான காசுகளைக் கையால் கீஃபிரேம் வைத்து, அதாவது முக்கிய நிலைகளை ஒவ்வொன்றாகக் குறித்து அசைக்க முடியாது என்பதால், இயற்பியல் விதிப்படி அசைவைக் கணினியே கணக்கிடும் சிமுலேஷனை நாடுகிறோம். ஆனால் நாம் திரையில் பார்க்கிற காசை சிமுலேஷன் பார்ப்பதில்லை. எத்தனை மீட்டர், எத்தனை விநாடி என்ற எண்களை மட்டுமே அது அறியும். எண் தவறினால், வேறு ஏதோ ஒரு பொருளை இயற்பியல் பிசகாமல் விழ வைக்கும்.

முதலில் அளவு. ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் புதிதாகச் சேர்க்கும் சிலிண்டர் 2 மீட்டர் குறுக்களவுடன் வருகிறது. அதைத் தட்டையாக்கிப் பொன்னிறம் பூசிவிட்டால் பார்வைக்குக் காசுதான். கணக்குக்கோ அது மாட்டுவண்டிச் சக்கரத்தைவிடப் பெரிய தகடு. உண்மையில் 2 செ.மீ. காசு 30 செ.மீ. உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ 0.25 விநாடி போதும். விநாடிக்கு 25 ஃபிரேம் (நிலைப்படம்) என்றால் ஆறு ஃபிரேம். எல்லாம் நூறு மடங்கு பெரிதானால் விழும் உயரம் 30 மீட்டர் ஆகிவிடும். அதற்கு ஏறத்தாழ 2.5 விநாடி, அதாவது அறுபதுக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் பிடிக்கும். காசு பஞ்சுபோல மிதந்து இறங்குவதற்கு இதுவே காரணம். இதைப் பார்த்துப் பலர் காசின் எடையைக் கூட்டுகிறார்கள். எடையைக் கூட்டினால் விழும் வேகம் கூடாது.

அதற்காக 2 செ.மீ. அளவிலேயே செய்வதும் உசிதமல்ல. வளையாத திடப்பொருளுக்கான சிமுலேஷன் வகையான ரிஜிட் பாடியில், மோதலுக்கான விளிம்பு இடைவெளியின் தொடக்க மதிப்பு 0.04 மீட்டர், அது காசைவிடப் பெரிது. மிகச் சிறிய பொருள்கள் நடுங்கும், அல்லது ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நிற்கும். காட்சி முழுவதையும் பத்து மடங்கு பெரிதாகச் செய்து, புவியீர்ப்பையும் 9.81-லிருந்து 98.1-ஆக உயர்த்துவதே நல்ல வழி. நீளமும் ஈர்ப்பும் ஒரே மடங்கில் கூடினால் விழும் நேரம் மாறாது. பெரிதாக்கிய பிறகு ஸ்கேலை அப்ளை செய்ய, அதாவது புதிய அளவையே பொருளின் அசல் அளவாகப் பதிய, மறக்கக் கூடாது. மறந்தால் கண்ணுக்குத் தெரியும் வடிவம் ஒன்றும் மோதலில் கணக்காகும் வடிவம் வேறொன்றுமாக இருக்கக்கூடும்.

அடுத்து உருளி. ரிஜிட் பாடியின் மோதல் வடிவம் தொடக்கத்தில் கான்வெக்ஸ் ஹல் என்றே இருக்கும். பொருளின் மீது இழுத்துப் போர்த்திய தோல் போன்ற வடிவம் அது. குழிவு என்பதே அதற்குக் கிடையாது. ஆகவே உருளியின் வாய் அடைபட்டு, காசுகள் கண்ணுக்குத் தெரியாத மூடியின் மேல் குவியும். அசையாமல் இருக்கும் உருளியைப் பாசிவ் (மோதலை ஏற்கும், தான் நகராது) என்று வைத்து, வடிவத்தை மெஷ் (பொருளின் உண்மையான மேற்பரப்பு) என மாற்ற வேண்டும். காசுகளுக்கு கான்வெக்ஸ் ஹல்லே போதும். அவற்றுக்கும் மெஷ் கொடுத்தால் கணக்கு கனத்துவிடும். முதல் ஃபிரேமில் காசுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால், சிமுலேஷன் அவற்றைப் பிரிக்க முயன்று வெடித்துச் சிதறடிக்கும்.

மேலே சொன்ன பத்து மடங்குக் காட்சியில், உருளியைத் தொடும் தருணத்தில் காசின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர். ஒரு ஃபிரேமுக்குள் அது ஒரு மீட்டர் அளவு நகர்கிறது. ஒரு ஃபிரேமைச் சிறு கணக்குப் படிகளாகப் பிரிப்பது சப்ஸ்டெப்; ஃபிரேமுக்கு 10 சப்ஸ்டெப் என்ற தொடக்க மதிப்பில், படிக்குப் பத்து செ.மீ. உருளியின் சுவர் 5 செ.மீ. தடிமன் என்றால், இந்தப் படியில் சுவருக்கு இப்பக்கம் இருந்த காசு அடுத்த படியில் அப்பக்கம் போய்விடலாம். சப்ஸ்டெப்பைக் கூட்டுவதோடு, வெளிப்புறத்தில் தெரியாத இடங்களில் சுவரையும் தரையையும் தடிமனாக்கிவிடுவது நல்லது.

பூவிதழில் நடப்பது வேறு. இதழ்களை உமிழப் பயன்படும் ப்ளெண்டரின் பார்ட்டிக்கிள்களுக்கு (துகள்களுக்கு) தொடக்கத்தில் 50 ஃபிரேம் ஆயுள். இதழ்கள் இரண்டே விநாடியில் பாதி வழியில் மறைந்துபோகும். உமிழ்வு முதல் ஃபிரேமில் தொடங்கினால் காட்சி வெறுமையாகத் திறக்கும் என்பதால், தொடக்கத்தை −100 போன்ற எதிர்மறை ஃபிரேமுக்குத் தள்ள வேண்டும். காற்றுத்தடை இல்லாத இதழ் கல்லாகவே விழும். ஆடி மாதத்தில் வாளையாற்றுக் கணவாய்க் காற்றைக் கண்டவர்களுக்கு, ஒரே சீரான வேகத்தில் வீசும் விண்ட் ஃபோர்ஸ் (காற்று விசை) மட்டும் போதாது, டர்புலன்ஸும் (ஒழுங்கற்ற சுழிப்பும்) வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நென்மாறை வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவேடிக்கையைத் திரையில் செய்ய முயல்வோரும் இதே காற்றுத்தடையைத்தான் மறக்கிறார்கள்: பொறி பாய்ந்து கிளம்பி, சட்டென்று வேகம் குறைந்து, பிறகு தொங்கி இறங்க வேண்டும்.

ஃபிரேம் வேகத்தை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ப்ளெண்டர் 24-இல் திறக்கிறது. நம் தொலைக்காட்சிக்கு வேண்டியது 25. கீஃபிரேம் ஃபிரேம் எண்ணைப் பின்பற்றுகிறது, புவியீர்ப்போ விநாடியைப் பின்பற்றுகிறது. நடுவில் மாற்றினால் கை அசைவும் காசின் வீழ்ச்சியும் விலகிப் போகும்.

ஒவ்வொரு ஃபிரேமும் முந்தைய ஃபிரேமிலிருந்தே கணக்கிடப்படுவதால், டைம்லைனில் நடுவே தாவிப் பார்த்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. இறுதிப் படங்களை உருவாக்கும் ரெண்டருக்கு முன் பேக் செய்துவிட, அதாவது அசைவுகளைக் கணக்கிட்டுச் சேமித்துவிட, வேண்டும். அந்தச் சேமிப்பான கேச் தொடக்கத்தில் 250-ஆம் ஃபிரேமில் முடியும்படி இருப்பதால், இருபது விநாடி விளம்பரத்தில் பத்தாவது விநாடியில் காசுகள் உறைந்து நின்றுவிடும். முடிவு எண்ணை 500 ஆக்கிய பிறகே பேக் செய்ய வேண்டும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் கடையின் பெயரைச் சேர்க்கும் கட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதிலுள்ள துகள் எஃபெக்டான சிசி பார்ட்டிக்கிள் வேர்ல்டு கேமராவைப் பின்பற்றினாலும், அதன் துகள்கள் முப்பரிமாண எழுத்துக்குப் பின்னால் தாமாகப் போய் வராது. அந்த லேயர் எழுத்துக்கு மேலே இருந்தால் எல்லாத் துகள்களும் மேலேயே தெரியும். லேயரை இரண்டாக்கி, ஒன்றை எழுத்துக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்து, இரண்டுக்கும் வேறு வேறு ராண்டம் சீட் (துகள்கள் சிதறும் விதத்தை மாற்றும் எண்) கொடுத்தால், இதழ்கள் பெயரைச் சுற்றிப் பறப்பதாகத் தோன்றும்.