கேலிக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம்: ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் யாருக்கு ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் பட்டியலில், இடம் தரலாம் என்ற பேச்சு எழுந்ததும், பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அகில அயர்லாந்துப் பதக்கம்?" என்றுதான். நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்ற அணியினருக்குக் கிடைக்கும் பதக்கம் அது. தவறு அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த ஆட்டத்தை அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், ஆனால் நாலு காலடிக்கு ஒருமுறை தரையில் தட்டவோ காலால் உதைத்துத் திரும்பக் கையில் பிடிக்கவோ வேண்டும். கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் 1 கோல். கோலுக்கு 3 புள்ளி மதிப்பு. 1884-இல் தர்ல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய ஜிஏஏ (Gaelic Athletic Association) என்ற அமைப்புதான் இன்றுவரை ஆட்டத்தை நடத்துகிறது. ஆடுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியராகவோ விவசாயியாகவோ போலீஸ்காரராகவோ வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். பொதுவாக ஒருவர் தன் சொந்தக் கவுண்டிக்கே, அதாவது தன் மாவட்டத்தின் அணிக்கே, ஆடுவார். பணம் கொடுத்து ஆளை இழுத்துக்கொள்ளும் ஏலமோ ஒப்பந்தமோ கிடையாது.

பதக்கக் கணக்கைக் கெடுப்பதும் இந்தக் கடைசி விஷயம்தான். 32 கவுண்டிகளில் 13 கவுண்டிகள் இதுவரை ஒருமுறைகூட அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றதில்லை. கெரி 2025 வரை 39 முறை வென்றிருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் டப்ளினின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டியது. லீட்ரிமின் மக்கள்தொகை சுமார் 35,000. லீட்ரிமில் பிறந்த ஒரு பையன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக வளர்ந்தாலும், செப்டம்பர் மாத இறுதிப் போட்டியை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழக்கமாக இருந்தது. கெரி ஆட்டக்காரர் பாட் ஸ்பிலேனின் 8 பதக்கங்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முழங்கால் காயத்தால் ஆட்டமே முடிந்துவிட்டது என்று பலர் நினைத்த பிறகு திரும்பி வந்து ஆடியவர் அவர். ஆனாலும் அந்த 8 பதக்கங்களில் அவருடைய திறமையோடு, 1975 முதல் 1986 வரை கெரியில் ஒரே காலத்தில் வந்து சேர்ந்த ஒரு தலைமுறையின் பங்கும் இருக்கிறது. அதே அணியில் இன்னும் நாலு பேரிடம் 8 பதக்கம் இருக்கிறது.

மறுபக்கம் டாமி மர்பியைப் பாருங்கள். லீஷ் கவுண்டிக்காரர். 1937-இல் பதினாறு வயதிலேயே சீனியர் அணிக்கு வந்தவர். அகில அயர்லாந்துப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1999-இல் எல்லாக் காலத்திலும் சிறந்தவர்களைக் கொண்ட மில்லினியம் அணிக்கு 15 பேரைத் தேர்ந்தெடுத்தபோது, நடுக்களத்தில் மிக் ஓ'கானலுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினார்கள். அந்த அணியில் அகில அயர்லாந்துப் பதக்கம் இல்லாத ஒரே ஆள் அவர்தான். கால்வேயின் ஷான் பர்செலும் அதே அணியில் இருக்கிறார். அவரிடம் இருப்பது 1956-இல் வாங்கிய ஒரே பதக்கம். தடுப்பின் நடுவிலும், நடுக்களத்திலும், தாக்குதலின் நடுவிலும் நாட்டின் தலைசிறந்தவர்களில் ஒருவராக ஆடியவர் என்பதால் அவரை எடுத்தார்கள். ஸ்லைகோவின் மிக்கி கியரன்ஸும் இப்படித்தான். அந்தந்த வருஷத்தின் சிறந்த 15 பேருக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது 1971-இல் தொடங்கிய முதல் வருஷமே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 47 வருஷம் கழித்து 1975-இல் ஸ்லைகோ கானாட் மாகாணப் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். ஸ்லைகோவுக்கு அந்த ஒரு மாகாணப் பட்டம் எவ்வளவு பெரியது என்பதைக் கெரியின் அளவுகோலால் அளந்தால் தெரியாது.

மேயோவின் லீ கீகன் 2016-இல் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர். அந்த வருஷ இறுதிப் போட்டி சமனாகி, மறு ஆட்டத்தில் டப்ளின் ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அடுத்த வருஷமும் டப்ளின்தான், மறுபடியும் ஒரே புள்ளி. அந்த இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு கீகனின் தகுதியை முடிவு செய்வது அநியாயம் என்று அழுத்திச் சொல்வேன்.

சரி, பதக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு மொத்த ஸ்கோரைப் பார்க்கலாம் என்று அடுத்த தவறுக்குப் போகிறவர்கள் உண்டு. எண் தெளிவாகத் தெரிவதால் இது நியாயமான வழி மாதிரி தோன்றும். ஆனால் 2001-க்கு முன்பு மாகாணப் போட்டியில் ஒருமுறை தோற்றால் அந்த வருஷம் அதோடு சரி. பின்வாசல் வழி என்று அயர்லாந்துக்காரர்களே அழைக்கும் தகுதிச் சுற்று வந்த பிறகுதான் தோற்ற அணிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. அப்புறம் குழுச் சுற்றும் வந்து ஆட்டங்களின் எண்ணிக்கை இன்னும் ஏறியது. ஆட்ட நேரமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1969 வரை 60 நிமிடம், 1970 முதல் 1974 வரை பெரிய ஆட்டங்களுக்கு 80, பிறகு 70. 2025-இல் வந்த புதிய விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2 புள்ளி. இந்தக் காலங்களை ஒரே பட்டியலில் போட்டு வரிசைப்படுத்தினால் பழைய ஆட்டக்காரர்கள் தானாகவே கீழே போய்விடுவார்கள். ஃப்ரீ கிக்கில் வந்த புள்ளியையும் ஓடும் ஆட்டத்தில் அடித்த புள்ளியையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். 1956 இறுதிப் போட்டியில் கால்வேயின் ஃபிராங்க் ஸ்டாக்வெல் 60 நிமிடத்தில் 2 கோலும் 5 புள்ளியும் எடுத்தார். ஒன்றுகூட ஃப்ரீ கிக் இல்லை. மொத்த ஸ்கோர் பட்டியலில் அவர் பெயர் எங்கோ கீழே இருக்கும்.

ஸ்கோர் பட்டியல் இன்னொரு அநியாயமும் செய்கிறது. கோல்கீப்பரும் தடுப்பாட்டக்காரரும் அதில் வருவதே இல்லை. பந்து வெளியே போனபின் கோல்கீப்பர் உதைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதுதான் கிக்-அவுட். ஒரு காலத்தில் கோல்கீப்பரின் கிக்-அவுட் என்றால் பந்தை நடுக்களத்துக்கு ஓங்கி உதைப்பதுதான். விழுகிற இடத்தில் உயரமானவர்கள் குதித்துப் பிடித்துக்கொள்வார்கள். டப்ளினின் ஸ்டீபன் க்ளக்ஸ்டன் அதை மாற்றியவர்களில் முதன்மையானவர். பந்து கைக்கு வந்ததும் எதிரணி ஒழுங்காக நிற்பதற்குள், காலியான இடத்துக்கு ஓடும் தன் ஆளின் மார்புக்கு நேராக அனுப்புவார். பந்து யாரிடம் போகும் என்பது குலுக்கல் மாதிரி இருந்த இடத்தில், அது டப்ளின் தாக்குதலின் முதல் அடியாக மாறியது. 2011 இறுதிப் போட்டியில் கெரிக்கு எதிராக ஆட்டம் சமமாக நிற்க, கூடுதல் நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக். க்ளக்ஸ்டன் தன் கோலை விட்டுவிட்டு மறுமுனைக்கு நடந்து வந்தார், குறுக்குச் சட்டத்துக்கு மேலே அடித்தார், திரும்பத் தன் இடத்துக்கே ஓடிப்போய்விட்டார். டப்ளினுக்கு 1995-க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம் அது. ஆனால் அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இந்த ஒரு கிக்கை நினைத்துப் போடக் கூடாது. பட்டியலில் ஏறாத அந்த ஆயிரக்கணக்கான கிக்-அவுட்களுக்காகப் போட வேண்டும்.

ஒரே நொடியின் புகழ் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1982 இறுதிப் போட்டி நல்ல சாட்சி. தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்கு வந்த கெரியை, மாற்று ஆளாக இறங்கிய ஆஃபலியின் ஷேமஸ் டார்பி கடைசி நேரக் கோலால் வீழ்த்தினார். அந்தக் கோலை ஆட்டத்தின் அருங்காட்சியகம் நிச்சயம் கொண்டாட வேண்டும். ஆனால் டார்பி பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு மாட் கானர் இரண்டு ஃப்ரீ கிக்குகளை அடித்து, 4 புள்ளி இடைவெளியை 2 ஆக்கியிருந்தார். அவை இல்லாவிட்டால் கோல் விழுந்தும் ஆஃபலி தோற்றிருக்கும். 1980 அரையிறுதியில் இதே கெரிக்கு எதிராகக் கானர் தனியாளாக 2 கோலும் 9 புள்ளியும் எடுத்தும் ஆஃபலி தோற்றுப்போனது. 1984 கிறிஸ்துமஸ் அன்று நடந்த கார் விபத்தோடு, 25 வயதில் அவருடைய ஆட்டம் முடிந்தது. "குறைந்தது இத்தனை வருஷம் ஆடியிருக்க வேண்டும்" என்று விதி எழுதுகிறவர்கள் இவருடைய பெயரை வைத்து அந்த விதியைச் சோதித்துப் பார்க்கட்டும். கானரை வெளியே நிறுத்தும் எந்த விதியும் தப்பான விதி.

கண்ணால் பார்த்தவர்களை மட்டும் நம்புவதும் பெரிய தவறு. இறுதிப் போட்டி தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரடியாக வந்தது 1962-இல். அதற்கு முன்னால் ஆடியவர்களுடைய படக்காட்சிகள் கொஞ்சமே மிச்சம். வானொலி வர்ணனையும் செய்தித்தாள் குறிப்பும் எதிரே ஆடியவர்கள் சொன்ன வார்த்தையும்தான் ஆதாரம். அதைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாத தேர்வுக் குழு, தன் இளமைக்கால நாயகர்களுக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வரும். கவுண்டிப் பாசமும் இதில் கலக்கும். வேட்பாளர் தன் கவுண்டிக்காரர் என்றால் அந்த ஓட்டெடுப்பில் உறுப்பினர் ஒதுங்கி நிற்பதுதான் முறை.

ஆட்டக்காரரையும் பயிற்சியாளரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. மிக் ஓ'ட்வையர் கெரிக்காக ஆடி 4 பட்டமும் பயிற்றுவித்து 8 பட்டமும் பெற்றார். இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு இருப்பதே நல்லது.

பெண்கள் ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு. பெண்களுக்கான அமைப்பு 1974-இல் ஜிஏஏ பிறந்த அதே தர்ல்ஸ் ஊரில் தனியாகத் தொடங்கியது. இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் பேச வேண்டியது ஆட்டத்தைப் பற்றி. மேயோவின் கோரா ஸ்டான்டன் 4 அகில அயர்லாந்துப் பட்டமும் 11 ஆல் ஸ்டார் விருதும் பெற்றவர். அந்த எண்களை ஓர் ஆணின் பெயருக்கு எதிரே எழுதியிருந்தால் அவருக்காக யாரும் ஐந்து நிமிடம்கூட விவாதித்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை அவசரப்பட்டு உள்ளே இழுக்க வேண்டாம். கெரியின் டேவிட் கிளிஃபர்டுக்கு இடம் உறுதி என்று இப்போதே சொல்கிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் சில வருஷம் பொறுக்கலாம். க்ளக்ஸ்டன் 2020-க்குப் பிறகு இரண்டு சீசன் டப்ளினுக்கு ஆடவில்லை. முடிந்தது என்றே எல்லாரும் எண்ணிக் கணக்கை மூடிவிட்டார்கள். 2023-இல் 41 வயதில் திரும்பி வந்து, கெரிக்கு எதிரான இறுதிப் போட்டியில் தன் ஒன்பதாவது பதக்கத்தை வாங்கிக்கொண்டு போனார்.